கூடையக்கா கம்பெனி

கூடையக்காவின் கம்பெனிக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திருவெறும்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "வயர் கூடை போடுற அக்கா வீடு எதுங்க?" என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர் எழுந்தே வந்து கை காட்டுவார். அந்த வீட்டுக் கேட்டில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை தொங்கும். காலையில் பால் பாக்கெட் போடுவதற்காக மாட்டியது. அக்காவிடம் கேட்டால், "அதுதாங்க நம்ம ஷோரூம்" என்பார்.

ஊருக்கு ஊர் இப்படி ஓர் அக்கா இருக்கிறார். ஓர் ஊரில் சுடுமண் நகை செய்வார். இன்னோர் ஊரில் குரோஷா பின்னுவார், பட்டு நூல் வளையல் சுற்றுவார், சோப்பு காய்ச்சுவார். சரக்குதான் மாறும், ஆள் மாறமாட்டார். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கைக்கு வந்ததும் மற்றவர்கள் உள்ளே தேங்காய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் பையையே உள்வெளியாகப் புரட்டித் தையலைப் பார்ப்பார். பஸ்ஸில் முன் இருக்கைக்காரரின் மடியில் வயர் கூடை இருந்துவிட்டால் நம் விலாவுக்கு ஆபத்து. முழங்கையால் ஓர் இடி இடித்து, "நெல்லிக்காய் முடிச்சு. மூலை தளர்ந்திருக்கு பாரு தம்பி. யாரோ புதுக் கை" என்று தீர்ப்புச் சொல்வார். அந்தக் கூடையை வைத்திருப்பது தன் சொந்த ஒன்றுவிட்ட தங்கச்சி என்பது அவருக்குத் தெரியவர இன்னும் இரண்டு ஸ்டாப் ஆகும்.

ஒரு கம்பெனி வளர்ந்திருக்கிறதா என்று அறிய வரவு செலவைப் பார்ப்பார்கள். இங்கே வீட்டில் உள்ள மரச்சாமான்களைப் பார்த்தால் போதும். ஆதியில் கம்பெனி முழுவதும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது: கத்தரிக்கோல், இஞ்ச் டேப், கொஞ்சம் மிச்ச வயர். மகள் கல்லூரிக்குப் போனதும் அவளுடைய மேசை போயிற்று. அடுத்தது பரண். அதற்கடுத்தது திவான், அடியில் வயர்க் கட்டு, மேலே பின்னி முடித்த சரக்கு, நடுவில் உட்கார இடம் இருந்தால் அது விருந்தாளியின் ஜாதக விசேஷம். மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன அன்று வீட்டில் எல்லோரும் கண் கலங்கி நின்றார்கள். அக்காவும் கலங்கினார். கலங்கிய கண்ணோடேயே அந்த அறைச் சன்னலில் வெளிச்சம் எத்தனை மணி வரை இருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டார். ஒரு டப்பாவிலிருந்து ஓர் அறைக்கு வர அவருக்குப் பத்து வருடம் பிடித்தது. யாரிடமும் ஒரு ரூபாய் கடனில்லை. வீட்டுக்காரரின் பீரோவில் ஒரே ஒரு தட்டு மட்டும் இன்னும் கைப்பற்றப்படாமல் இருக்கிறது. அதில் அவருடைய பி.எஃப். காகிதங்கள் இருக்கின்றன.

இந்தப் பத்து வருடத்தில் கம்பெனிக்கு வந்த ஒரே திடீர் யோகம் 2019 ஜனவரி 1. அன்றுதான் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. மளிகைக் கடை வாசலில் வெறுங்கையோடு நின்ற ஜனங்களுக்கு, தங்கள் வீட்டிலும் அம்மா காலத்து வயர் கூடை ஒன்று இருந்ததே என்ற ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஒரு கல்லூரிப் பெண் வீடு தேடி வந்து, "ஆன்ட்டி, சுற்றுச்சூழலுக்கு நீங்க எவ்வளவு பெரிய சேவை செய்றீங்க தெரியுமா?" என்று நெகிழ்ந்துபோனாள். அக்காவுக்குப் பொய் வராது. "இதுவும் பிளாஸ்டிக்தாம்மா. என்ன, இது இருபது வருஷம் உழைக்கும்" என்றார். அவள் போன பிறகு என்னைப் பார்த்து, "அதுலதான் எனக்கு நஷ்டமே. ஒரு தடவ வாங்கினவ திரும்பி வரவே மாட்டேங்கிறா" என்று பெருமூச்சு விட்டார். 2021 டிசம்பரில் அரசாங்கமே மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, போட்டிக்கு யார் வருவதென்று ஒரு விவஸ்தை வேண்டாமா என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

எல்லாம் இப்படி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது, 2025இல் வீட்டுக்காரர் ஓய்வுபெறும் வரைக்கும்.

சார் பெல்லில் இருந்தவர். கொதிகலன் செய்யும் ஆலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவு. எந்தக் குழாய் எந்தத் தேதியில் எந்தக் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆயுள் முழுக்க அட்டவணை போட்டவர். அப்படிப்பட்டவர் அறுபது வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், திட்டமிட அங்கே கிடைத்தது ஒரு மனைவியும் நாற்பது கூடையும்தான். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினார். பென்சிலைச் சீவினார்.

"ஏம்மா, ஒரு கூடைக்கு வயர் எவ்வளவு ஆகுது?"

"நூத்தி எண்பது."

"வேற?"

"கைப்பிடிக்கு உள்ள விடுற டியூப்பு பத்து ரூபா."

"பெரிய கடை வீதிக்குப் போயிட்டு வர பஸ் சார்ஜ்?"

"எனக்கு ஃப்ரீங்க. உங்களுக்குத்தான் டிக்கெட்."

சார் அதையும் எழுதிக்கொண்டார். அடக்கம் ரூ.190. விற்பது ரூ.450. "எத்தனை மணி நேரம் ஆகுது?" என்று கேட்டார். வீடு அமைதியானது. பைசா சுத்தமாக எல்லாக் கணக்கும் சொன்ன அக்கா, பாடத்தில் இல்லாத கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை பார்ப்பதுபோல் அல்ல, கேட்ட வாத்தியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் அவரைப் பார்த்தார். "இதுல என்னங்க மணி நேரம்? சீரியல் பாத்துக்கிட்டே போடுறதுதானே."

சார் விடவில்லை. கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். குக்கர் விசிலுக்கு எழுந்தது, கேஸ்காரனுக்குக் கதவு திறந்தது, மகளோடு போனில் பேசியது எல்லாவற்றையும் கழித்தார். ஒரு கூடைக்குப் பதினான்கு மணி நேரம். மிச்சம் நிற்கும் ரூ.260ஐப் பதினான்கால் வகுத்தால் மணிக்குப் பதினெட்டரை ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு ரூ.148. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் ஒரு நாள் கூலி ரூ.336. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடியில் கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"அங்க போனா வெயில்ல நிக்கணும்ங்க. இங்க ஃபேன் ஓடுது, டி.வி. ஓடுது."

ஃபேனுக்கு ஆகும் மின்சாரத்தையும் கேபிள் கட்டணத்தையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டுமோ என்ற கவலையில் சார் மறுபடியும் பென்சிலை எடுத்தார்.

கைத்தொழில் செய்யும் அக்காக்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். முத்துக்கு விலை தெரியும், நூலுக்கு விலை தெரியும், பெட்டிக்கு விலை தெரியும். தன் கைக்கு மட்டும் விலை தெரியாது. தெரியாதா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கூடைக்கு மணிக்கணக்கு எழுத ஆரம்பித்தால் அது கூடையோடு நிற்காது. அரைத்த மாவு, மடித்த துணி, மாமியாருக்கு வேளாவேளைக்குக் கொடுத்த மாத்திரை எல்லாம் வரிசையாக வந்து நின்று எங்கள் கணக்கு எங்கே என்று கேட்கும். அந்த நோட்டுக்குக் கடைசிப் பக்கமே இருக்காது. அக்கா விவரமானவர். அந்தப் பக்கம் போகவே இல்லை.

சார் வேறு வழியில் வந்தார். ஒருநாள் காலை காபியோடு லிஜ்ஜத் அப்பளக் கதையை ஆரம்பித்தார். 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள், கடன் வாங்கிய 80 ரூபாய், ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடி. இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை. சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைத்தது. அக்கா முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஏழு பேர் வீட்டுலயும் அன்னிக்குக் குழம்பு யாரு வெச்சா?"

அன்று மதியச் சமையல் சாருடையது. ரசம் நன்றாகவே இருந்ததாகக் கேள்வி.

சளைக்காமல் அவர் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குப் போனார். கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே போடலாம். சான்றிதழ் வந்தது. அதில் மைக்ரோ என்று போட்டிருந்தது.

"மைக்ரோன்னா?"

"குறு நிறுவனம்."

"பத்து வருஷம் விரல் தேயப் போட்டிருக்கேன், குறுவா?"

"வருஷத்துக்குப் பத்துக் கோடி ரூபாய் வரைக்கும் விக்கிற கம்பெனியும் குறுதாம்மா. 2025 ஏப்ரல்லருந்து அப்படித்தான்."

அக்கா சற்று யோசித்தார். "அப்போ அவங்களும் நானும் ஒரே பெஞ்சுதான்னு சொல்லுங்க" என்று சான்றிதழை வாங்கி, லேமினேட் செய்து, முருகன் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். அடுத்து சார் முத்ரா கடனைப் பற்றிப் பேச்செடுத்தார். ரூ.50,000 வரைக்கும் வாங்கினால் அந்தக் கடன் வகைக்குச் 'சிசு' என்று பெயர். "குறுவாக்கினீங்க, இப்போ சிசுவா? எனக்கு ரெண்டு பெத்தது போதும்" என்று அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அக்காவின் நிஜமான எதிரி வாடிக்கையாளரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை, உறவினர். விலை கேட்கும்போது "நமக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்கள் இவர்கள். அந்த 'நமக்கு'வில் நூறு ரூபாய் அப்போதே உதிர்ந்துவிடும். நாத்தனார் ஒரு படி மேலே: "உனக்கென்ன அண்ணி, சும்மா உட்காந்து போடுறதுதானே." இன்னொரு வகை, "நானே போட்டுடுவேன், நேரம்தான் இல்ல" என்பவர்கள். கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால் போட்டபோது அக்கா அதிகம் சந்தித்தது இவர்களைத்தான். கூடையைத் தூக்கி, அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், போட்டோ எடுத்து, பாராட்டி, அதே இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டாலில் மிளகாய் பஜ்ஜி வாங்கப் போய்விடுவார்கள். பஜ்ஜிக்கு யாரும் பேரம் பேசவில்லை என்பதையும் அக்கா கவனித்துவைத்திருக்கிறார்.

கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கக் குட்டிக் கூடை கேட்டு வருபவர்கள் தனி ரகம். "குட்டிதானே, அம்பது ரூபாய்க்குத் தர மாட்டீங்களா?" குட்டியில் வயர் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். அடி போட வேண்டும், நான்கு மூலை திருப்ப வேண்டும், விளிம்பு முடிக்க வேண்டும், இரண்டு கைப்பிடி சுற்ற வேண்டும், நுனிகளை எல்லாம் முடிச்சுக்குள் செருகி மறைக்க வேண்டும். பெரிய கூடையில் விரல் போக இடமாவது இருக்கும். "குழந்தைச் சட்டைக்குத் தையல்காரர் காஜா எடுக்காம விட்டுடுவாரா?" என்று அக்கா கேட்பார். கேட்டுவிட்டு அறுபதுக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த விலைச் சிக்கல் தீர்ந்த விதம் சாரின் நோட்டில் இல்லாத விதம். தெருப் பெண்கள் நாலைந்து பேர், "எங்களுக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்று வந்தார்கள். சார் பதறிப்போனார். தொழில் ரகசியம், போட்டி, சந்தைப் பங்கு என்று அடுக்களைக்குள் போய்க் குசுகுசுத்தார். அக்கா, "வரட்டும்ங்க, வந்து பாக்கட்டும்" என்றார். செய்தி பரவிப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் வயர் அளந்து வெட்டி, பாதி மடித்து, அடி போட உட்கார்ந்தார்கள். வயர் கூடையில் அடிதான் சூட்சுமம். ஒரு முடிச்சு இளகினால் அடுத்தது சாயும். அது சாய்ந்தால் வரிசையே கோணும். கோணிய அடியின் மேல் எத்தனை அழகாய்ப் பக்கம் எழுப்பினாலும் கூடை ஒருபக்கமாய்த் திரும்பி நின்று நம்மை முறைக்கும். இரண்டாம் நாள் ஆள்காட்டி விரல்களில் பிளாஸ்திரி தெரிந்தது. மூன்றாம் நாள் ஒருத்தி வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள், இன்னொருத்தி பையனுக்குப் பரீட்சை, வேறொருத்திக்கு ஒரு பக்கத் தலைவலி. சிவன் கண், பிஸ்கட் முடிச்சு எல்லாம் அப்புறம், சாதா முடிச்சே போதும் என்று இருந்தவர்களும் வார முடிவில் கழன்றுகொண்டார்கள். அரைகுறை அடிகள் பதினொன்று அக்காவின் திவானுக்கு அடியில் அடைக்கலம் புகுந்தன.

ஆனால் அந்தப் பதினொரு பேரும் அதற்குப் பிறகு விலை பேசியதே இல்லை. அக்கா கூடையை ரூ.650 ஆக்கினார். வாங்கினார்கள். வாங்கியதோடு நிற்காமல், பேரம் பேச வந்த வெளியூர்க்காரர்களிடம், "ஒரு அடி போட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று அக்காவுக்காக இவர்கள் சண்டைக்கு நின்றார்கள். சார் நோட்டில் புதிதாக ஒரு தலைப்பு எழுதினார்: 'விளம்பரச் செலவு – பன்னிரண்டு பேருக்கு ஏழு நாள் டீ.'

பன்னிரண்டாவது ஆள் கழலவில்லை. அது எதிர்வீட்டுப் பாட்டி. எழுபது வயது, பல் பாதி, கண் முழுசு. பாட்டி கைப்பிடி சுற்றுவதில் அக்காவையே மிஞ்சிவிட்டார். "என்கிட்டயே செய்யுங்களேன் பாட்டி" என்று அக்கா கேட்டதும் பாட்டி உடனே, "ஒரு கைக்கு இருபது ரூபா. ஜோடி நாப்பது. அன்னன்னிக்குக் கையில குடுத்திரணும். வெள்ளிக்கிழமை வரமாட்டேன்" என்றார். அக்கா பத்து வருடமாகத் தன்னிடம் சொல்லிக்கொள்ளத் தயங்கிய விஷயத்தைப் பாட்டி ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். தன் நேரத்தை எழுதாத அக்கா பாட்டியின் கூலியை எழுதித்தானே ஆகவேண்டும்? எழுதினார். அந்த வரிக்குக் கீழே ஒரு வரி காலியாகக் கிடந்தது. சார் சும்மா இருந்தார். அவர் செய்த உருப்படியான நிர்வாகம் அதுதான். நான்கு நாள் கழித்து அக்காவே அந்த வரியில், 'பின்னுற கூலி – ரூ.400' என்று எழுதி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

வெளியூர் வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். மகளின் தோழி பெங்களூரிலிருந்து ஒரு கூடை கேட்டாள். அரைக் கிலோகூட இல்லாத கூடை. கூரியர் கடைப் பையன் டேப்பை எடுத்து நீளம் 30, அகலம் 20, உயரம் 30 சென்டிமீட்டர் என்று அளந்து, மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து, "மூணு கிலோ அறுநூறு கிராம்" என்றான்.

"அரைக் கிலோதானே தம்பி இருக்கு? மிச்ச மூணு கிலோ?"

"அது உள்ள இருக்கிற காத்துங்க."

காற்றுக்குக் காசு கட்டிய வயிற்றெரிச்சலில் அன்று அக்காவுக்குத் தூக்கமில்லை. விடியும்போது வழி தெரிந்துவிட்டது. பெரிய கூடைக்குள் நடுத்தரம், அதற்குள் குட்டி என்று மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, 'அடுக்குக் கூடை' என்று ஒரே சரக்காக விற்கத் தொடங்கினார். வெளியூர்க்காரர்களுக்குத் தனிக் கூடை இனிக் கிடையாது, வாங்கினால் மூன்று. அதிலும் குட்டிக்குள் கொஞ்சம் காற்று மீந்தது. மகளுக்கு அனுப்பும்போது மட்டும் அந்த இடத்தில் வெங்காய வடகம் போகிறது.

ஐப்பசிக்கு முன்னால் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து போன் வந்தது. ஊழியர்களுக்குத் தீபாவளிப் பரிசாக ஐநூறு கூடை. சார் ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினார். அக்கா நிதானமாகக் கேட்டார்.

"எந்தத் தீபாவளிக்குங்க?"

மறுமுனையில் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. மாதத்துக்கு இருபது, வெள்ளிக்கிழமை பாட்டி வரமாட்டார், ஐநூறுக்கு இரண்டு வருஷம் ஒரு மாதம் ஆகும் என்று சொன்னார். பத்துப் பேரை வைத்துச் செய்யலாமே என்று மறுமுனை யோசனை சொன்னது. சாரும் பலமாகத் தலையாட்டினார். "பத்துப் பேருக்கு அடி போடத் தெரியணும்ல?" என்றார் அக்கா. அது போக, எல்லாமே ஒரே நீலத்தில், கம்பெனி முத்திரையோடு வேண்டுமாம். "ஐநூறும் ஒரே கலரா? எனக்குத் தூக்கம் வந்துரும்ங்க" என்று போனை வைத்துவிட்டார். சார் அன்று இரவு சாப்பிடவில்லை என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டார், பேசாமல் சாப்பிட்டார்.

மறுநாள் அதே நிறுவனம் கூப்பிட்டு, மேலதிகாரிகளுக்கு மட்டும் இருபது கேட்டது. அதோடு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: அந்த அக்காவிடம் ஐநூறு கேட்டே கொடுக்கவில்லை, சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். மெதுவாகப் போடுவது என்ற ஒரே குறை எப்படி இத்தனை பெரிய கௌரவமாயிற்று என்று சாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. நோட்டில் அதற்குத் தலைப்பும் இல்லை. ஜனங்கள் மூன்று மாதம் முன்னாலேயே வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் கே.கே. நகரிலிருந்து ஓர் அம்மா ஆட்டோ பிடித்து வந்தார். வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூற்றியொரு குட்டிக் கூடை வேண்டும், அரக்கும் மஞ்சளும் கலந்து.

"பொண்ணுக்கு எத்தனாவது மாசம்ங்க?" என்றார் அக்கா.

"இன்னும் மாப்பிள்ளையே அமையலைங்க. ரெண்டு ஜாதகம் வந்திருக்கு."

சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பக்கங்களைப் புரட்டி, விரல் விட்டு எண்ணி, "நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்று எழுதிக்கொண்டு, பாதி அட்வான்ஸ் கேட்டார்.